வினிகரும் உடல் கொழுப்பும்: முதன்முறை முயல்பவர்களுக்கு

வினிகர் குடித்தால் தொப்பை குறையுமா என்று கேட்டால், கொஞ்சம் குறையலாம் என்பதுதான் நேர்மையான பதில். சரியான அளவில், பன்னிரண்டு வாரம் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை எடை குறைந்ததாக ஒழுங்காக நடந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அதைவிட மிகப் பெரிய எண்ணை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தச் சிறிய பலன் போதும் என்று நினைப்பவர்களுக்காக, பல்லையும் தொண்டையையும் இரைப்பையையும் கெடுத்துக்கொள்ளாமல் அதை எப்படிப் பெறுவது என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்யுங்கள்

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு 2009-இல் ஜப்பானிலிருந்து வெளிவந்தது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) 25 முதல் 30 வரை இருந்த 150-க்கும் மேற்பட்ட பெரியவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் தினமும் 500 மில்லி பானம். ஒரு குழுவின் பானத்தில் 15 மில்லி ஆப்பிள் வினிகர், இன்னொன்றில் 30 மில்லி, மூன்றாவதில் வினிகரே இல்லை. புளிப்புக்காக வேறோர் அமிலம் மட்டும். பன்னிரண்டு வாரத்தின் முடிவில் 15 மில்லி குழுவுக்குச் சராசரியாக 1.2 கிலோவும், 30 மில்லி குழுவுக்கு 1.9 கிலோவும் குறைந்திருந்தன. வினிகர் இல்லாத குழுவின் எடை சற்றே ஏறியிருந்தது. இடுப்புச் சுற்றளவும் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் குறைந்தன. சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் உள்ளுறுப்புக் கொழுப்பின் பரப்பும் சுருங்கியிருந்தது. இந்தக் கொழுப்புதான் சர்க்கரை நோயோடும் இதய நோயோடும் நெருங்கிய தொடர்புடையது. எனவே கிலோ கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஸ்கேன் முடிவுதான்.

ஆய்வை நடத்தியவர்கள் வினிகர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்திருக்கிறார்கள், பலனை ஊதிப் பெரிதாக்கவும் இல்லை. குடிப்பதை நிறுத்தி நான்கு வாரம் கழித்து அளந்தபோது எண்கள் பழைய நிலையை நோக்கித் திரும்பத் தொடங்கியிருந்ததையும் அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கொரியாவில் 2014-இல் அதிக எடையுள்ள பெண்களுக்கு மாதுளை வினிகர் பானம் கொடுத்து எட்டு வாரம் பார்த்த ஆய்விலும் உள்ளுறுப்புக் கொழுப்பு குறைந்தது தெரிந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அளவு புரியும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. இரண்டு கிலோவை 84 நாளில் பகிர்ந்தால் ஒரு நாளைக்கு 180 கலோரிக்குச் சற்று மேலே வரும். இது இரண்டு துண்டு ரொட்டியில் இருக்கும் சக்தி. வினிகர் செய்யக்கூடிய அதிகபட்ச வேலையே அவ்வளவுதான். ஒரு நாள் விருந்து அதைத் தின்றுவிடும்.

இனி ஓர் எச்சரிக்கை. லெபனானில் 12 முதல் 25 வயது வரையுள்ள 120 பேரிடம் நடத்தியதாகச் சொல்லி 2024-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. தினமும் 5 முதல் 15 மில்லி ஆப்பிள் சிடர் வினிகர், மூன்றே மாதத்தில் ஆறு முதல் எட்டு கிலோ இழப்பு என்றது அது. உலகம் முழுவதும் செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. அதன் எண்கள் புள்ளியியல்படி நம்பத்தக்கவையாக இல்லை என்று நிபுணர்கள் கேள்வி எழுப்பினார்கள். தரவைப் பரிசோதித்தபின், அதை வெளியிட்ட, பிரிட்டனின் மருத்துவ இதழ் நிறுவனமான பிஎம்ஜே குழுமமே 2025 செப்டம்பரில் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்ற செய்தி முதல் செய்தி போன இடத்தில் பாதிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பதின்ம வயதுப் பிள்ளைகள் அதை நம்பி வெறும் வயிற்றில் வினிகரை விழுங்குவதை நினைத்தால் வருத்தம் இன்னும் கூடுகிறது. "எட்டு கிலோ" என்று எங்கே கண்டாலும் அதன் வேர் பெரும்பாலும் இந்தக் கட்டுரைதான்.

வேலை செய்வது எது?

எல்லா வினிகரிலும் பொதுவாக இருப்பது அசிட்டிக் அமிலம். மனிதர்களிடம் கண்ட பலனுக்கு நம்மிடம் உள்ள சான்றுகளில் பெரும்பகுதி இந்த அமிலத்தையே சுட்டுகிறது. அது இரைப்பையிலிருந்து உணவு குடலுக்குள் இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது. மாவுச்சத்து நிறைந்த உணவோடு சேரும்போது சாப்பிட்ட பின் ரத்தச் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரல் ஜான்ஸ்டன் இந்தச் சர்க்கரை விவகாரத்தை 2004 முதல் பல ஆய்வுகளில் தொடர்ந்து பார்த்துவந்திருக்கிறார். எலிகளிடம் நடந்த சோதனைகளில், கல்லீரலில் கொழுப்பை எரிக்கும் பாதையை அசிட்டிக் அமிலம் தூண்டுவதும் தெரிந்தது. மனித உடலிலும் அதே அளவுக்கு அது நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

பசி குறைவதைப் பற்றி ஒரு சொல். 2014-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், வினிகர் குடித்தவர்களுக்குப் பசி குறைந்தது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் குமட்டல் என்று தெரிந்தது. குமட்ட வைத்துப் பசியை அடக்குவதை ஒரு பயனாக நான் எண்ண மாட்டேன். உங்களுக்கு வயிறு புரட்டினால் அளவையோ முறையையோ மாற்ற வேண்டும் என்றே பொருள்.

யார் தொடங்கக் கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இன்சுலின் போடுபவர்கள், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தினசரி வினிகரைத் தொடங்கக் கூடாது. சர்க்கரை அளவு தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும், இதய நோய்க்கான டிஜாக்சினும் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைவது ஆபத்து. அவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் இரைப்பை ஏற்கெனவே மெதுவாக இயங்குபவர்களுக்கு வினிகர் அதை இன்னும் மெதுவாக்கும். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் சிலரிடம் 2007-இல் சுவீடனில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

இரைப்பைப் புண், அடிக்கடி வரும் நெஞ்செரிச்சல், விழுங்குவதில் சிரமம், சிறுநீரக நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு இது வேண்டாம். கர்ப்பிணிகள் உணவில் சுவைக்காகச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். எடை குறைப்பதற்காகக் குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் வினிகர் கொடுக்கவே கூடாது. உணவோடு ஏற்கெனவே மனப் போராட்டம் உள்ளவர்களும், உண்டதை வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தவர்களும் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரியாவில் 1998-இல் பதிவான ஒரு நோயாளியின் கதை போதும். 28 வயதுப் பெண், ஆறு ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 மில்லி ஆப்பிள் சிடர் வினிகர் எடுத்துவந்தார். மருத்துவமனைக்கு வந்தபோது அவருடைய பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. அந்த இளம் வயதிலேயே எலும்பும் நலிந்துபோயிருந்தது.

பாட்டிலைத் தேர்ந்தெடுத்தல்

பாரம்பரிய வினிகர் இரண்டு நொதித்தல்களில் உருவாகிறது. முதலில் ஈஸ்ட் சர்க்கரையை மதுவாக்குகிறது. பிறகு அசிட்டிக் அமில பாக்டீரியா, காற்றின் உதவியோடு அந்த மதுவை அமிலமாக்குகிறது. இந்த இரண்டாவது வேலை நுண்ணுயிர்களுடையது என்பதை லூயி பாஸ்டர் 1860-களில் விளக்கினார். இதே அடிப்படையில் ஒவ்வொரு நிலமும் தனக்கென்று ஒரு வினிகரை வளர்த்திருக்கிறது. ஜப்பானின் ககோஷிமாவில் அரிசிக் கருப்பு வினிகர் வெட்டவெளியில் வரிசையாக நிற்கும் மண் ஜாடிகளில் விளைகிறது. சீனாவின் ஷான்ஷியில் சோளம் போன்ற தானியங்களிலிருந்து முதிர்வித்த வினிகர் செய்கிறார்கள். இத்தாலியின் மோதேனாவில் காய்ச்சிய திராட்சைச் சாற்றை மரப் பீப்பாய்களில் குறைந்தது 12 ஆண்டு முதிரவிட்டால்தான் பாரம்பரிய பால்சமிக் என்ற பெயரைத் தருகிறார்கள்.

இவற்றில் அமினோ அமிலங்களும், பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்களும் கூடுதலாக உண்டு. மணமும் சுவையும் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறும். ஆனால் ஆப்பிள் வினிகர் கொழுப்பைக் கரைக்கும், அரிசி வினிகர் கரைக்காது என்று பிரித்துச் சொல்ல மனித ஆய்வுகளில் இடமில்லை. அமிலச் சதவிகிதம் சமமாக இருந்தால், உங்கள் நாக்குக்குப் பிடித்ததை வாங்குங்கள். பிடிக்காத ஒன்றைப் பன்னிரண்டு வாரம் யாரும் தொடர்ந்து எடுக்க மாட்டார்கள்.

லேபிளில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அமிலச் சதவிகிதம் முதலாவது. சமையல் வினிகரில் அது பெரும்பாலும் 4 முதல் 7 வரை இருக்கும். அதற்கு மேல் போகும் சுத்திகரிப்பு வினிகர் குடிப்பதற்கானதே அல்ல. அதை வாயருகே கொண்டுபோகாதீர்கள். இரண்டாவது, நொதித்துச் செய்ததா, அசிட்டிக் அமிலத்தை நீர்த்துச் செய்த செயற்கை வினிகரா என்பது. பாரம்பரிய வினிகர் வேண்டும் என்பவர்கள் நொதித்ததையே தேட வேண்டும். மூன்றாவது, சர்க்கரை. தேன் சேர்த்த வினிகர் பானங்கள், மலிவான பால்சமிக் கலவைகள், கெட்டியான பால்சமிக் சாறு ஆகியவற்றில் சர்க்கரை தாராளமாக இருக்கும். எடை குறைக்க வாங்கிய பாட்டில் எடையை ஏற்றுவது இங்கேதான்.

அடியில் கலங்கலாக மிதக்கும் "தாய்ப் படலம்" பற்றி நிறையப் பேசுகிறார்கள். அது பாக்டீரியாவும் அவை நெய்த செல்லுலோஸும் சேர்ந்தது. இருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதனால் கொழுப்பு கூடுதலாகக் குறையும் என்பதற்குச் சான்று இல்லை.

மாத்திரைகளையும் மிட்டாய்களையும் தவிர்த்துவிடுங்கள். 2005-இல் அமெரிக்காவில், வினிகர் மாத்திரை தொண்டையில் சிக்கி உணவுக்குழாய் புண்ணான ஒரு பெண்ணின் நிலையை ஆராய்ந்தவர்கள் எட்டு வகை மாத்திரைகளைச் சோதித்தார்கள். அமில அளவு ஏறத்தாழ 1 சதவிகிதத்திலிருந்து 10 சதவிகிதத்துக்கும் மேல் வரை தாறுமாறாக இருந்தது. லேபிளில் எழுதியதற்கும் உள்ளே இருந்ததற்கும் பொருத்தமே இல்லை.

அளவைக் கணக்கிடுதல்

ஜப்பான் ஆய்வில் நாளொன்றுக்கு உள்ளே போனது 0.75 கிராம் அல்லது 1.5 கிராம் அசிட்டிக் அமிலம். இதை அடிப்படையாக வைத்து உங்கள் பாட்டிலுக்குக் கணக்குப் போடுங்கள். 5 சதவிகித வினிகர் என்றால் 15 மில்லியில் 0.75 கிராம், 30 மில்லியில் 1.5 கிராம். 6 சதவிகிதம் என்றால் 25 மில்லியிலேயே 1.5 கிராம் வந்துவிடும். 30 மில்லியைத் தாண்டவே வேண்டாம்.

முதல் வாரம் ஒரே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, அன்றைய பெரிய உணவோடு. வயிறு ஒத்துழைத்தால் இரண்டாம் வாரம் 10 மில்லி, மூன்றாம் வாரம் 15 மில்லி. பலர் இதிலேயே நின்றுவிடலாம் என்பது என் கருத்து. 15-க்கும் 30-க்கும் இடையே அந்த ஆய்வில் கிடைத்த கூடுதல் பலன் முக்கால் கிலோகூட இல்லை. பல்லுக்கும் இரைப்பைக்கும் தொல்லையோ இரட்டிப்பாகிறது. 30 மில்லிக்குப் போவதென்றால் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். அளக்கும் கரண்டியை மட்டும் நம்புங்கள். கண்ணளவில் ஊற்றினால் கை தாராளமாகிவிடும்.

உணவோடு சேர்ப்பதே சிறந்த வழி

காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்ற அறிவுரை பரவலாக இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. ஜான்ஸ்டன் குழுவின் ஓர் ஆய்வில், உணவுக்கு ஐந்து மணி நேரம் முன்பு எடுத்த வினிகரைவிட உணவு வேளையில் எடுத்ததே சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியது. அதற்கு இரண்டு தேக்கரண்டி அளவே போதுமானதாக இருந்தது. மாவுச்சத்துள்ள உணவில் பலன் தெரிந்தது. வெறும் குளுக்கோஸ் கரைசலில் தெரியவில்லை. அமிலம் உணவோடு இரைப்பையில் கலந்தால்தான் வேலை என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். வெறும் வயிறு எரிச்சலையும் குமட்டலையும்தான் கூட்டும்.

ஆகவே முதல் வழி, வினிகரைக் குடிக்காமல் சாப்பிடுவது. ஒரு மேசைக்கரண்டி வினிகரை ஒரு தேக்கரண்டி எண்ணெய், உப்பு, மிளகுத்தூளோடு அடித்து, நறுக்கிய பச்சைக் காய்கறிகள் மேல் ஊற்றிக் கலந்து, அந்தக் கிண்ணத்தை மாவுச்சத்துள்ள உணவுக்கு முன்பாகவோ கூடவோ சாப்பிடுங்கள். காய்கறியின் நார்ச்சத்து உபரி லாபம். வேகவைத்த பருப்பு, பயறு, மீன், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மேலும் தெளிக்கலாம். அடுப்பை அணைத்த பிறகு சேர்த்தால் அமிலமும் மணமும் ஆவியாகாமல் நிற்கும்.

பானமாகத்தான் வேண்டும் என்றால், 15 மில்லிக்குக் குறைந்தது 250 மில்லி நீர். ஜப்பான் ஆய்வில் பங்கேற்றவர்கள் குடித்த கலவை இதைவிட அடர்த்தியானதல்ல. உணவின் நடுவிலோ உடனே பின்னரோ உறிஞ்சுகுழலால் குடித்து முடியுங்கள். நீர் கலக்காத வினிகரை ஒரே மடக்கில் விழுங்குவது உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கக்கூடும். படுக்கைக்குப் போகும் நேரத்திலும் வேண்டாம். அப்போது அமிலம் மேலேறும், வாயைக் கழுவித் தரும் உமிழ்நீரும் தூக்கத்தில் குறைந்துவிடும்.

பல்லைக் காப்பாற்றுதல்

வினிகரின் காரகாடித்தன்மை எண் (pH; எண் குறையக் குறைய அமிலம் கடுமை) பொதுவாக 2-க்கும் 3.5-க்கும் இடையே நிற்கிறது. பல்லின் எனாமல் 5.5-க்குக் கீழே கரையத் தொடங்குகிறது. கரைந்த எனாமல் திரும்ப வளராது. நெதர்லாந்தில், எடை குறைப்பதற்காகத் தினமும் ஒரு டம்ளர் ஆப்பிள் சிடர் வினிகர் குடித்த 15 வயதுப் பெண்ணின் பற்கள் அரித்துப்போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருக்காமல் விழுங்குங்கள், பின் வெறும் நீரால் நன்றாகக் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்கக் கூடாது. அமிலம் பட்டு மென்மையான எனாமலைத் தூரிகை இன்னும் தேய்த்துவிடும். ஒரு மணி நேரமாவது கழியட்டும். குளிர்ந்த நீரோ இனிப்போ படும்போது பல் கூசத் தொடங்கினால் பானத்தை அன்றே நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பலன் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்

இவ்வளவு சிறிய மாற்றத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது. உடலில் நீர் கூடிக் குறைவதாலேயே எடை ஒரு நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். எனவே தொடங்குவதற்கு முன் ஒரு வாரம், காலையில் கழிப்பறை போய்வந்த பின் தினமும் எடை பார்த்துச் சராசரி எடுத்து எழுதிவையுங்கள். பிறகு ஒவ்வொரு வாரமும் அதே முறையில் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

எடையைவிட இடுப்புச் சுற்றளவு இங்கே அதிகம் பேசும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். இந்தப் பன்னிரண்டு வாரத்தில் புதிய உடற்பயிற்சி எதையாவது தொடங்கினால் அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது.

உணவைக் குறைக்காமல் வினிகரை மட்டும் சேர்ப்பதைவிட, இரண்டையும் சேர்த்துச் செய்வதில்தான் எனக்கு நம்பிக்கை. ஈரானில் 39 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இரண்டு குழுவும் நாளுக்கு 250 கலோரி குறைத்துச் சாப்பிட்டன. அவற்றில் 30 மில்லி ஆப்பிள் சிடர் வினிகரும் எடுத்த குழு கூடுதலாக எடை இழந்தது. அங்கே அடித்தளமாக நின்றது கலோரிக் குறைப்பு.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும்

இடுப்புச் சுற்றளவும் வாரச் சராசரி எடையும் குறைந்திருந்தால், பல்லும் வயிறும் தொல்லை தராமல் இருந்தால், உணவோடு 15 மில்லியைத் தொடரலாம். நிறுத்தினால் பலன் நழுவத் தொடங்கும் என்பதை ஜப்பான் ஆய்வே காட்டியது. ஆகவே வினிகரைத் தொடர வேண்டும், அல்லது உணவில் செய்த மற்ற மாற்றங்களால் அந்த எடையைப் பிடித்துவைக்க வேண்டும். நீண்ட நாள் எடுப்பவர்கள் வழக்கமான ரத்தப் பரிசோதனை செய்யும்போது பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்கள் அசையவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். பானத்தை நிறுத்திவிட்டு, மீதமுள்ள வினிகரைக் காய்கறிக் கிண்ணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வைத்தால் அது மாதக்கணக்கில் கெடாது. விழுங்கும்போது வலி, விடாத நெஞ்செரிச்சல், தசைத் தளர்ச்சி, படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் பன்னிரண்டு வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். எவ்வளவு வினிகர், எத்தனை நாளாக எடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.